தண்டவாளம் இருந்தும் ரயில் இல்லை: அமெரிக்க மாநிலங்கள் புதிய ரயில் விடுவது எப்படி?

2025 ஆகஸ்ட் 18 அன்று நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமாவின் துறைமுக நகரமான மொபைலுக்கும் இடையே 'மார்டி கிரா' என்ற பெயரில் ஒரு பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 230 கிலோமீட்டர். தினமும் போக இரண்டு, வர இரண்டு. இந்தத் தடத்தில் அதற்கு முன்பு பயணிகள் ரயில் ஓடியது 2005 ஆகஸ்டில், கத்ரீனா புயலுக்குச் சற்று முன்பு. புயலில் சிதைந்த தண்டவாளத்தை அதன் உரிமையாளரான சிஎஸ்எக்ஸ் நிறுவனம் சில மாதங்களிலேயே சரிசெய்து சரக்கு ரயில்களை ஓட்ட ஆரம்பித்துவிட்டது. பயணிகள் ரயில் திரும்பி வரத்தான் 20 ஆண்டு ஆயிற்று.

அதே கோடையில் டெக்சாஸிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. ஓக்லஹோமா சிட்டிக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையே 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'ஹார்ட்லேண்ட் ஃப்ளையர்' நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது. ரயிலில் கோளாறு இல்லை, கூட்டமும் குறையவில்லை. டெக்சாஸ் சட்டமன்றம் தன் பங்குப் பணத்தை ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ரயிலுக்கு மத்திய அரசு கோடிக்கணக்கில் கொடுக்கிறது என்று 2021 முதல் படித்துவருகிறோம். பிறகு ஏன் இப்படி? சுருக்கமான பதில்: பெரிய தொகை ஒரு இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது, ரயில் ஓடுமா ஓடாதா என்பது வேறு இரண்டு இடங்களில் தீர்மானிக்கப்படுகிறது. ஒன்று, மாநில அரசின் வருடாந்தர நிதிநிலை அறிக்கை. மற்றது, தண்டவாளத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் சரக்கு ரயில் நிறுவனத்தின் அலுவலகம்.

750 மைல் கோடு

இந்தியாவில் ரயில்வே என்றால் ஒன்றிய அரசு. எந்த ஊருக்கு எந்த ரயில் என்பது ரயில்வே வாரியத்தின் முடிவு. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவைப் பார்த்தால் குழம்பத்தான் செய்யும்.

1970 வரை அங்கே பயணிகள் ரயில்களைத் தனியார் நிறுவனங்களே ஓட்டின. விமானமும் நெடுஞ்சாலையும் வந்தபின் எல்லாம் நஷ்டம். அந்தச் சுமையை இறக்கிவைக்க அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி உருவான ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனம், 1971 மே 1 முதல் ரயில்களை ஓட்டத் தொடங்கியது. ஆம்ட்ராக்கின் பெரும்பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. கூடுதலாக ரயில் வேண்டும் என்று கேட்கும் மாநிலம் செலவில் பங்கு தர வேண்டும் என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது. ஆனால் நடைமுறை சீராக இல்லை. சில மாநிலங்கள் பணம் கட்டின, வேறு சில மாநிலங்களில் அதே போன்ற ரயில் மத்திய அரசின் செலவில் ஓடியது.

2008-ல் நிறைவேறிய பயணிகள் ரயில் சட்டம் இதற்கு ஒரு கோடு போட்டது. 750 மைலுக்கு, அதாவது சுமார் 1,200 கிலோமீட்டருக்குக் குறைவான தூரம் ஓடும் ரயில் என்றால் நஷ்டத்தை மாநிலம் ஏற்க வேண்டும். வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன் நகரங்களை இணைக்கும் வடகிழக்குத் தடம் மட்டும் விலக்கு. அதைவிட நீண்ட தூர ரயில்கள் மத்திய அரசின் பொறுப்பு. 2013 அக்டோபரில் இது முழுமையாக அமலுக்கு வந்தது.

இன்று இப்படி மாநிலப் பணத்தில் ஓடும் ரயில்கள் ஓரமான விஷயமல்ல. 2024 நிதியாண்டில் ஆம்ட்ராக்கில் பயணித்த 3 கோடியே 28 லட்சம் பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்த ரயில்களில் போனவர்கள்.

இரண்டு பணம், இரண்டு குணம்

செய்திகளில் வரும் தொகைகளைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எதுவும் புரியாது.

1. மூலதனச் செலவு: தண்டவாளம், சிக்னல், பாலம், நிலையம், ரயில் பெட்டிகள். ஒருமுறை செலவு. மத்திய மானியத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் ரயிலுக்கு ஒதுக்கிய 6,600 கோடி டாலரில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை.

2. இயக்கச் செலவு: ஓட்டுநர், நடத்துநர் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு, தண்டவாள உரிமையாளருக்குக் கட்டும் கட்டணம், முன்பதிவு அமைப்பில் பங்கு. டிக்கெட் வருமானத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகை ஆண்டுதோறும் மாநிலத்தின் தலையில் விழும். ரயில் ஓடும் காலம் வரைக்கும்.

பல ரயில்கள் பகிர்ந்துகொள்ளும் நிலையம், பணிமனை ஆகியவற்றின் செலவு ஒரு சூத்திரப்படி பிரிக்கப்படுகிறது. ஒரு ரயில் நின்றால் அதன் பங்கு மற்ற ரயில்களின் கணக்கில் ஏறும். பில் எப்படி வந்தது என்றே புரியவில்லை என்று மாநிலங்கள் ஆம்ட்ராக்கிடம் வருடக்கணக்காகப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

முதல் வகைப் பணம் பெரியது, கண்ணில் படும், ரிப்பன் வெட்டப் பயன்படும். இரண்டாவது வகை சின்னது, ஆனால் விடாது. ஒரு ரயிலைக் கொல்வது எப்போதும் இரண்டாவதுதான்.

இந்தியானா இதற்கு நல்ல உதாரணம். இண்டியானாபோலிஸ்–சிகாகோ இடையே வாரத்தில் நான்கு நாள் ஓடிய 'ஹூசியர் ஸ்டேட்' ரயிலின் செலவு 2013-ல் அந்த மாநிலத்தின் மேல் விழுந்தது. மாநிலம் 2015-ல் தனியார் நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடிக் கூரைப் பெட்டியும் சுடச்சுடச் சாப்பாடுமாக நடத்திப் பார்த்தது. 2017-ல் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது, ரயில் மறுபடி ஆம்ட்ராக்கிடம் வந்தது. ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் டாலர்தான் மாநிலத்தின் பங்கு. 2019-ல் சட்டமன்றம் அதை நிறுத்தியது. ஜூன் 30-ம் தேதி ஓடியதே கடைசி ரயில்.

தண்டவாளம் யாருடையது?

ஆம்ட்ராக்குக்குச் சொந்தத் தண்டவாளம் வடகிழக்குத் தடத்திலும் வேறு சில துண்டுகளிலும் மட்டுமே. மற்ற இடமெல்லாம் சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. 1970 ஒப்பந்தத்தின் மறுபக்கம் இது: நஷ்டத்தில் ஓடிய பயணிகள் ரயிலிலிருந்து உங்களுக்கு விடுதலை, பதிலுக்கு ஆம்ட்ராக் ரயில்களுக்கு உங்கள் தண்டவாளத்தில் இடம் தர வேண்டும். 1973-ல் இன்னொரு விதியும் சேர்ந்தது. ஒரே பாதையில் சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் வந்தால் பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை.

சட்டத்தில் இருப்பது அது. நடப்பது வேறு. அந்த முன்னுரிமையை மீறும் நிறுவனத்தின் மேல் ஆம்ட்ராக்கால் வழக்குப் போட முடியாது, மத்திய நீதித்துறை மட்டுமே போட முடியும். இதுவரை போட்டது இரண்டே தடவை: 1979-ல் ஒன்று, 2024 ஜூலையில் நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் மேல் ஒன்று. ஒற்றை வழித்தடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சரக்கு ரயில் எதிரே வந்தால், அது ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தண்டவாளமான லூப் லைனில் அடங்காது. அப்போது கிராசிங்குக்காக ஒதுங்கி நிற்பது குட்டியாக இருக்கும் பயணிகள் ரயில்தான். சட்டம் தோற்கும் இடம் இது.

இதனால் ஒரு மாநிலம் புதிய ரயில் கேட்டதும் சரக்கு நிறுவனம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: இடமில்லை, கூடுதல் லைன் போட்டுக் கொடுங்கள். எத்தனை லைன், எவ்வளவு செலவு என்பதில்தான் சண்டை. அதைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்கான தகவல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பணம் கட்டப்போவது அரசு.

வளைகுடாக் கரையில், அதாவது தொடக்கத்தில் சொன்ன நியூ ஆர்லியன்ஸ்–மொபைல் தடத்தில் நடந்ததைப் பார்க்கலாம். லூசியானா, மிசிசிப்பி, அலபாமா மூன்றும் சேர்ந்து 1982-ல் அமைத்த தென்மாநில ரயில் ஆணையம் அந்த ரயிலைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. ஒரு கட்டத்தில் சரக்கு நிறுவனத்தின் தரப்பு மதிப்பீடு 200 கோடி டாலரைத் தாண்டியது. பேச்சு நகரவில்லை. 2021 மார்ச்சில் ஆம்ட்ராக், சிஎஸ்எக்ஸ் மற்றும் நார்ஃபோக் சதர்ன் நிறுவனங்களுக்கு எதிராக ரயில் தகராறுகளை விசாரிக்கும் மத்திய மேற்பரப்புப் போக்குவரத்து வாரியத்திடம் போனது. 2022-ல் நாள்கணக்கில் விசாரணை நடந்தது. மொபைல் துறைமுகத்தின் சரக்குப் போக்குவரத்து பாதிக்கும் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2022 நவம்பரில், எல்லோரும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். விவரங்கள் வெளியிடப்படவில்லை.

அடுத்து 2023 செப்டம்பரில் பாதை மேம்பாட்டுக்கு 17.8 கோடி டாலர் மத்திய மானியம் அறிவிக்கப்பட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. அலபாமா மாநில அரசு இயக்கச் செலவில் பங்கு தர முன்வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியது மொபைல் நகர மன்றம், 2024 ஆகஸ்டில். ரயில் இரவில் தங்க நகரத்தின் மையத்துக்கு அருகே ஒரு தனி லைன் போட வேண்டியிருந்தது. சரக்கு ரயில் போகும் முதன்மைப் பாதையில் காலி ரயில் நிற்கக் கூடாது என்பதால். இந்த ஒரு சிறு லைன் முடியும்வரை மற்ற எல்லாம் காத்திருந்தன.

ஒரு புதிய ரயில் ஏற வேண்டிய படிகள்

2021 சட்டத்துக்குப் பிறகு மத்திய ரயில் நிர்வாகம் ஒரு வரிசையை ஏற்படுத்தியிருக்கிறது. தட அடையாளத் திட்டம் என்று சொல்லலாம். 2023 டிசம்பரில் 44 மாநிலங்களில் 69 தடங்கள் இதில் சேர்க்கப்பட்டன. அப்போது "69 புதிய ரயில்கள்" என்ற தொனியில் வந்த செய்திகள் தவறு. கிடைத்தது தடம் ஒன்றுக்கு 5 லட்சம் டாலர், அதுவும் முதல் படிக்கு.

1. வரையறை: எதை ஆய்வு செய்ய வேண்டும், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்ற திட்டம். மாநிலப் பங்கு தேவையில்லை.
2. சேவை மேம்பாட்டுத் திட்டம்: எத்தனை ரயில், எந்த நேரம், எங்கெங்கே நிற்கும், எத்தனை பேர் வருவார்கள். மாநிலம் 10 சதவீதம் போட வேண்டும்.
3. ஆரம்பப் பொறியியல், சுற்றுச்சூழல் ஆய்வு. மாநிலப் பங்கு 20 சதவீதம்.
4. கட்டுமான மானியத்துக்குப் போட்டி போடுதல். இங்கும் பொதுவாக மாநிலப் பங்கு 20 சதவீதமாவது வேண்டும்.
5. ஆம்ட்ராக்குடனும் தண்டவாள உரிமையாளருடனும் ஒப்பந்தம்.
6. இயக்கச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு.

ஆறாவது படிக்கு ஒரு மத்திய கைத்தாங்கல் உண்டு. புதிய ரயிலின் நிகர இயக்கச் செலவில் முதல் ஆண்டு 90 சதவீதம், பிறகு 80, 70, 60, 50, ஆறாம் ஆண்டு 30 சதவீதம் வரை மானியம் பெறலாம். ஏழாம் ஆண்டு கிடையாது. நாடு முழுவதற்கும் இதற்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 5 கோடி டாலர்தான். கட்டுமானத்துக்கான தொகையோடு ஒப்பிட்டால் இது சில்லறை. இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே என்பது என் கருத்து. ரயில் விடுவதை ஊக்குவிக்கிறார்கள், ரயில் ஓடுவதை அல்ல.

கொடுத்த பணத்தைத் திருப்பி அனுப்பிய கதை

2009-ல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் ரயிலுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2010 ஜனவரியில் விஸ்கான்சினுக்கு மில்வாக்கி–மேடிசன் ரயிலுக்காக சுமார் 81 கோடி, ஒகையோவுக்கு கிளீவ்லாண்ட்–கொலம்பஸ்–சின்சினாட்டி ரயிலுக்காக 40 கோடி. மாநிலங்கள் மூலதனத்தில் கையை வைக்கத் தேவையே இல்லை என்கிற அளவுக்குத் தாராளம்.

2010 நவம்பரில் தேர்தல். விஸ்கான்சினில் ஸ்காட் வாக்கர், ஒகையோவில் ஜான் கேசிக் ஆளுநர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இருவரும் ரயில் வேண்டாம் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவர்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது மூலதனத்தை அல்ல, ஆண்டுச் செலவை. விஸ்கான்சினில் அது சுமார் 75 லட்சம் டாலர், ஒகையோவில் 1 கோடியே 70 லட்சம். ஒகையோ திட்டத்தில் இன்னொரு பலவீனமும் இருந்தது. முதல் கணக்கின்படி ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 39 மைல், அதாவது 63 கிலோமீட்டர். பிறகு திருத்திய கணக்கில் வேகம் கூடியது. அதற்குள் 39 என்ற எண் ஊரெல்லாம் கேலிப்பொருளாகிவிட்டது. டிசம்பரில் மத்திய அரசு இரு மாநிலங்களிடமிருந்தும் சுமார் 120 கோடி டாலரைத் திரும்ப எடுத்து கலிபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன், இல்லினாய் போன்ற மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஃப்ளோரிடாவின் புதிய ஆளுநரோ இரண்டே மாதத்தில் தன் மாநிலத்தின் அதிவேக ரயில் பணத்தையே வேண்டாம் என்றார்!

விஸ்கான்சினில் எஞ்சியது இரண்டு ரயில்கள். முந்தைய அரசு ஸ்பெயினின் டால்கோ நிறுவனத்திடம் 4.7 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. மில்வாக்கியிலேயே தொழிற்சாலை வைத்துச் செய்தார்கள். 2012-ல் மாநில நிதிக்குழு அவற்றுக்கான பராமரிப்புக் கூடத்துக்குப் பணம் தர மறுத்தது. ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் பெட்டிகள் கிடங்கில் நின்றன. டால்கோ வழக்குப் போட்டது, 2015-ல் மாநிலம் மேலும் 97 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது, ரயில்கள் டால்கோவிடமே போயின. 2022-ல் அவற்றை நைஜீரியாவின் லாகோஸ் மாநிலம் வாங்கியது.

இதே விஸ்கான்சின், மினசோட்டா, இல்லினாய் மாநிலங்களோடு சேர்ந்து 2024 மே 21 அன்று 'போரியாலிஸ்' ரயிலை விட்டது. சிகாகோவிலிருந்து மில்வாக்கி வழியாக செயின்ட் பால் வரை, சுமார் 660 கிலோமீட்டர், தினமும் போக ஒன்று வர ஒன்று. திட்டம் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். சிகாகோ–மில்வாக்கி இடையே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 'ஹையவாதா' ரயில்களில் ஒன்றை மேற்கே நீட்டினார்கள். பாதையில் ஏற்கெனவே ஒரு நெடுந்தூர ரயில் ஓடுவதால் நிலையங்களும் தயார். மேற்சொன்ன இயக்க மானியமும் கிடைத்தது. முதல் ஆண்டில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பயணித்தார்கள். அப்படியும் ஆய்வு தொடங்கி ரயில் ஓட ஏறக்குறைய 12 ஆண்டு ஆயிற்று.

வர்ஜீனியா ஏன் வேறு?

வர்ஜீனியா செய்தது எளிது, ஆனால் மற்றவர்கள் செய்யத் தயங்குவது: சண்டை நடக்கும் இரண்டு இடத்தையும் விலைக்கு வாங்கிவிட்டது.

2009-ல் லிஞ்ச்பர்க் ஊரிலிருந்து வாஷிங்டன் வழியாக நியூயார்க், பாஸ்டன் பக்கம் போகும் ஒரு ரயிலுக்கு மாநிலம் மூன்றாண்டுச் சோதனையாகப் பணம் கொடுத்தது. எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் கூட்டம். வடகிழக்குத் தடத்தோடு நேரடியாக இணைந்ததுதான் ரகசியம், இறங்கி ஏற வேண்டாம். அப்புறம் 2012-ல் நார்ஃபோக், 2017-ல் ரோனோக் என்று நீண்டது. இதற்கிடையே ரயிலுக்கென்று தனி நிதியை மாநிலம் சட்டம் போட்டு உருவாக்கியது. குறிப்பிட்ட வரி வருவாயின் ஒரு பங்கு தானாக வந்து சேரும். ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் கையேந்தத் தேவையில்லை.

2019 டிசம்பரில் சிஎஸ்எக்ஸ் நிறுவனத்தோடு 370 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 52.5 கோடிக்கு வாஷிங்டன்–ரிச்மண்ட் பாதையில் நிறுவனத்துக்கு இருந்த நிலத்தில் பாதியையும், வேறு சில தடங்களையும் மாநிலம் வாங்கியது. இவற்றை நிர்வகிக்க 2020-ல் ஒரு தனி ரயில் ஆணையம் அமைந்தது. பொட்டோமாக் ஆற்றின் மேல் 1904 முதல் இருக்கும் இருவழிப் பாலத்தில் சரக்கு, புறநகர், ஆம்ட்ராக் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதன் பக்கத்தில் பயணிகளுக்கென்றே இன்னொரு இருவழிப் பாலம் கட்டும் வேலை 2024 அக்டோபரில் தொடங்கியது. கட்சி மாறி ஆளுநர்கள் வந்தும் இந்தத் திட்டம் நிற்கவில்லை. காரணம், நிறுத்துவதற்கு ஆண்டுதோறும் ஒரு வாய்ப்பு யாருக்கும் தரப்படவில்லை.

இப்போது எங்கே கண் வைக்கலாம்?

மினசோட்டாவில் மினியாபோலிஸ்–டுலூத் ரயிலுக்காக 2023-ல் சட்டமன்றம் 19 கோடியே 47 லட்சம் டாலரை மாநிலப் பங்காக ஒதுக்கியது. மத்திய மானியம் வருவதற்குள் 2025-ல் நிதி நெருக்கடி. அதிலிருந்து 7.7 கோடியை எடுத்து, கோடை விடுமுறையில் சம்பளமில்லாத பள்ளிப் பணியாளர்களின் வேலையிழப்பு உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த இடம் நல்ல இடம்தான். ஆனால் கைவைக்கக்கூடிய பெட்டியில் ரயில் பணம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் ஐந்தாண்டு ஒதுக்கீடு 2026 செப்டம்பர் 30-ல் முடிகிறது. 69 தடங்களில் பெரும்பாலானவை அதற்குள் மூன்றாம் படியைக்கூட எட்டாது. அடுத்த சட்டத்தில் கட்டுமானத் தொகை எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அந்த இயக்க மானியம் தொடருமா, ஆறு ஆண்டு என்பது நீளுமா என்ற ஒற்றைப் பிரிவைத் தேடிப் படிப்பது அதைவிடப் பயனுள்ளது.

ஹார்ட்லேண்ட் ஃப்ளையருக்கு வருவோம். அதை ஓக்லஹோமா சிட்டியிலிருந்து வடக்கே கன்சாஸின் நியூட்டன் வரை நீட்டுவது அந்த 69 தடங்களில் ஒன்று. நீட்டிப்பைத் திட்டமிட மத்தியப் பணம் இருக்கிறது, இருக்கிற ரயிலை ஓட்ட டெக்சாஸிடம் பணமில்லை. சட்டமன்றத்திடம் கேட்டது இரண்டு ஆண்டுக்கு 70 லட்சம் டாலர். டெக்சாஸின் ஈராண்டு நிதிநிலை சுமார் 33,800 கோடி டாலர். கடைசியில் டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் வட்டார உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு 35 லட்சம் டாலர் கொடுத்து ஓராண்டுக்கு ரயிலைத் தக்கவைத்தது. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்த வழக்கமான கூட்டம் 2027 ஜனவரியில்.